ஒன்றாம் வகுப்பில் நாள் முழுக்க என்னதான் நடக்கிறது?

வரப்போரம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூரில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் இந்தச் சித்திரையில் அருப்புக்கோட்டைப் பக்கம் சொந்த ஊருக்கே வந்துவிட்டோம். மகளை இங்குள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறேன். எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டையும் திருப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் முடித்தவள் அவள். அங்கே தினமும் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வருவாள். 1 முதல் 100 வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். மாதங்களின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிச் சொல்வாள்.

இங்கே சேர்த்த பிறகு நோட்டைத் திறந்தால் சில கோடுகளும் வட்டங்களும்தான் இருக்கின்றன. வீட்டுப்பாடம் என்று ஒன்றுமே இல்லை. “இன்று என்ன படித்தாய்?” என்று கேட்டால், “விளையாடினோம், பாட்டுப் பாடினோம், முட்டை சாப்பிட்டோம்” என்கிறாள். ஒருநாள் கழுத்தில் “நான்தான் ஒற்றைக்கொம்பு” என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். கேட்டால் சிரிக்கிறாள். பள்ளிக்குப் போக அழுவதில்லை, அதுவரை நிம்மதி. ஆனால் என் மனைவிக்கு இரவில் தூக்கமே வருவதில்லை. “படித்ததையும் மறந்துவிடப் போகிறாள், அருப்புக்கோட்டைக்கு வேன் வைத்தாவது அனுப்புவோம்” என்கிறாள். வேனுக்கும் கட்டணத்துக்கும் இப்போது என் கையில் வழியில்லை என்பது வேறு விஷயம்.

காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை இந்தச் சின்னப் பிள்ளைகள் உண்மையில் என்ன செய்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:

நண்பரே, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கடன் வாங்கியாவது தனியாரில் போடுங்கள். என் அண்ணன் மகன் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்தான். செய்தித்தாளில் நான்கு வரி சேர்ந்தாற்போல் வாசிக்க வரவில்லை. பாட்டும் கூத்தும் நன்றாகத்தான் இருக்கும். ஆறாம் வகுப்புக்குப் போகும்போதுதான் வலி தெரியும்.

சாக்பீஸ் தூள்:

தம்பி வரப்போரம், நான் இடைநிலை ஆசிரியை. உங்கள் பக்கத்து மாவட்டம். ஊர்ப் பெயர் வேண்டாம், எங்கள் தலைமையாசிரியரும் இதையெல்லாம் படிப்பவர். ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. நான்கும் ஐந்தும் அவருக்கு. ஒன்று, இரண்டு, மூன்று எனக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். வகுப்பு ஐந்தாயிற்றே என்று சட்டம் கேட்பதில்லை. ஆகவே ஒரே அறையில் மூன்று வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாள் எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எட்டேகால் மணிக்கெல்லாம் பிள்ளைகள் தட்டும் கையுமாக வந்துவிடுகிறார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, கூடவே சாம்பார். இதைச் சாப்பாட்டு விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். முன்பெல்லாம் பத்தரை மணிக்கு இரண்டு பிள்ளைகளாவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு உட்காரும். அம்மா விடியும் முன்பே களையெடுக்கப் போயிருப்பாள். பிள்ளை வெறும் வயிற்றோடு வந்திருக்கும். அந்த நேரத்தில் நான் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் அதன் காதில் ஏறாது. இப்போது அந்தக் காட்சி அநேகமாக இல்லை. கை கழுவுவதும், வரிசையில் நிற்பதும், சிந்தியதை எடுப்பதும், தட்டைக் கழுவி வைப்பதும் அந்த அரைமணி நேரத்தில்தான் நடக்கின்றன. அதையும் நான் பாடம் என்றே கணக்கு வைக்கிறேன்.

பிறகு தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு குறள், ஒரு செய்தி. செய்தி வாசிப்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளை. வாசித்து முடித்ததும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒருவர் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். “மழை வருமாம் டீச்சர்” என்று ஒரு வரி சொன்னால் போதும். அடுத்து வருகைப் பதிவு. அது இப்போது கைபேசிச் செயலியில். சிக்னல் கிடைக்கும் வரை நான் வேப்பமரத்தடியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன், பிள்ளைகள் சிரிக்கும்.

இனி நீங்கள் கேட்ட ‘விளையாட்டு’க்கு வருவோம். 2022 ஜூனிலிருந்து நம் மாநிலத்தில் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ என்ற முறை நடக்கிறது. கொரோனாவில் பள்ளிக்கூடமே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்து நின்ற பிள்ளைகளுக்காக வந்த திட்டம். பிள்ளை எந்த வகுப்பு என்று பார்ப்பதில்லை, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துப் பிரிக்கிறோம். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். அறையைச் சுற்றிப் பாடல் களம், கதைக் களம், படைப்புக் களம், பொம்மலாட்டக் களம் என்று இடம் ஒதுக்கியிருப்போம். பழைய காலுறையில் பொத்தான் தைத்தால் அதுதான் எங்கள் நரி.

உங்கள் மகள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் அதையேதான் நானும் செய்கிறேன். தமிழில் ‘கெ’ என்று எழுத வேண்டுமானால் காதில் முதலில் விழும் ‘க்’ பின்னால் வரும், பிறகு கேட்கும் ‘எ’வுக்கான கொம்பு முன்னால் நிற்கும். ஆறு வயதுப் பிள்ளை கேட்ட வரிசையில்தான் எழுதும். ‘க’ போட்டுவிட்டு அதற்குப் பின்னால் கொம்பை வைக்கும். நூறு முறை எழுது என்றால் நூறு முறையும் அப்படியே எழுதிக்கொண்டு வரும். ஆகவே மூன்று பிள்ளைகளை நிறுத்துகிறேன். ஒருவன் ஒற்றைக்கொம்பு, நடுவில் ஒருத்தி ‘க’, அந்தப் பக்கம் ஒருவன் துணைக்கால். ‘க’ தனியாக நின்றால் ‘க’. கொம்பு மட்டும் ஓடிவந்து அவளுடைய இடது கையைப் பிடித்தால் ‘கெ’. துணைக்காலும் வந்து வலது கையைப் பிடித்தால் ‘கொ’. கொக்கு, கொய்யா, கொலுசு என்று மற்றவர்கள் கத்துவார்கள். ‘க’வை உட்காரவைத்துவிட்டு ‘ம’வை நிறுத்தினால் மொச்சை, மொட்டு. துணைக்காலாக நிற்கத்தான் எப்போதும் அடிதடி, ஏனோ தெரியவில்லை. இது முக்கால் மணி நேரம் ஓடும். முடியும்போது நோட்டில் ஒரு வரியும் இருக்காது. ஆனால் மறுநாள் மணலில் ‘கொடி’ என்று எழுதச் சொன்னால் முக்கால்வாசிப் பிள்ளைகள் கொம்பைச் சரியான பக்கத்தில் போட்டுவிடுவார்கள்.

எழுத்தை நான் ‘அ’விலிருந்து தொடங்குவதில்லை. ‘ட’, ‘ப’, ‘ம’ என்று கோடுகளால் ஆன எழுத்துகளைக் கைக்குக் கொடுத்துவிட்டுத்தான் சுழிகளுக்குப் போகிறேன். ‘அ’வில் ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுக்கைக்கோடு, ஒரு நெட்டைக்கோடு இருக்கின்றன. பிஞ்சு விரலுக்கு அதைவிடக் கடினமான எழுத்து அதிகமில்லை. பிள்ளையின் நோட்டில் நீங்கள் பார்த்த கோடுகளும் வட்டங்களும் அதற்கான முன்வேலைதான்.

கணக்குக்கு வாருங்கள். நூறு வரை ஒப்பிப்பாள் என்றீர்கள். சந்தோஷம். இன்று மாலை ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டையை வைத்து, “பதினேழு எடுத்துக் கொடு” என்று கேளுங்கள். பிறகு, “இதில் நான்கு போனால் மீதி எவ்வளவு?” என்று கேளுங்கள். அதற்குப் பிறகு, “இருபத்து மூன்று எழுது” என்று சொல்லுங்கள். ஒப்பித்துப் பழகிய பிள்ளைகளில் பலர் 203 என்று எழுதுவார்கள். இருபதையும் எழுதி மூன்றையும் எழுதுகிறார்கள், அவர்களைப் பொறுத்தவரை சரிதானே? நாங்கள் விளக்குமாற்று ஈர்க்குச்சியை ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். இரண்டு கட்டு, மூன்று உதிரி. கட்டுக்கு ஒரு பெட்டி, உதிரிக்கு ஒரு பெட்டி. உதிரிப் பெட்டியில் பத்து சேர்ந்துவிட்டால் உடனே கட்டு கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டத்தில் அவுட். இதை நாள்கணக்கில் விளையாடிய பிறகுதான் 23 என்று எண்ணாக எழுதவிடுவேன்.

மதியம் சோறும் முட்டையும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அரிசி 100 கிராம். சாப்பிட்டதும் ஒன்றாம் வகுப்பில் பாதி பேர் தூங்கிவிழுவார்கள். நான் எழுப்புவதில்லை. அதிகாரி யாராவது அந்த நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். இரண்டரை மணிக்கு மேல் சூழ்நிலையியல், படம் வரைதல், மைதானம். சூழ்நிலையியல் என்றால் பெரும்பாலும் வெளியே நடப்பதுதான். சென்ற வாரம் முழுக்கக் கிணற்றடியில் எறும்பு போகும் தடத்தைப் பார்த்தோம். ஆங்கிலமும் உண்டு. பெரும்பாலும் பாட்டும் கட்டளையும்தான்: எழுந்து நில், உன் பையைத் தொடு, சிவப்பு நிறத்தைக் காட்டு. மாதங்களின் பெயரை எழுத்துக்கூட்டச் சொல்வதில்லை. ஆறு வயதில் அதை வைத்துக்கொண்டு யாரும் எந்தக் கடைக்கும் போகப்போவதில்லை.

வீட்டுப்பாடம் பற்றி ஒரு வார்த்தை. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது, புத்தகப் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று 2018லேயே மத்திய அரசின் சுற்றறிக்கை வந்துவிட்டது. தனியார் பள்ளிகள் அதை எந்த அலமாரியில் வைத்திருக்கின்றன என்று தெரியவில்லை.

கரிசல்காட்டான் தம்பிக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்வது பொய்யில்லை. ஐந்து முடித்தும் வாசிக்கத் திணறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சட்டப்படி எங்களுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம், அதாவது நாளுக்கு நான்கு மணி நேரம் கற்பித்தல். தாளில் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு ஆசிரியரில் ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போனால், அன்று மற்றவர் ஐந்து வகுப்பையும் மேய்க்கத்தான் முடியும், கற்பிக்க முடியாது. முறைகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2007இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. அட்டைகளை அடுக்கி ஏணிப்படி வரைந்தோம். பிறகு அது எளிமையாக்கப்பட்டது, பிறகு புதுப் புத்தகம், இப்போது இது. ஒன்று கைக்குப் பழகும்போது அடுத்தது வந்துவிடுகிறது. ஆனால் பிள்ளைக்கு வாசிப்பு வராமல் போவதற்குப் பாட்டும் பொம்மையும் காரணமில்லை. மூன்றாம் வகுப்புக்குள் எழுத்துக்கூட்ட வராத பிள்ளையை யாரும் கவனிக்காமல் நான்குக்குத் தள்ளிவிடுவதுதான் காரணம். அது கட்டணம் வாங்கும் பள்ளியிலும் நடக்கிறது. அங்கே நோட்டு நிறைந்திருப்பதால் வீட்டில் தெரிவதில்லை.

ஆகவே நோட்டைப் பார்க்காதீர்கள். பயிற்சி நூலைப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நிலைக்கேற்பப் பயிற்சி நூல் உண்டு. பல பள்ளிகளில் அதை வீட்டுக்குக் கொடுத்துவிடுவதில்லை, கொடுத்தால் பாதி திரும்பி வராது. வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேதி போட்டுத் திருத்தியிருக்கிறதா, வாரக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வெறுமையாகக் கிடந்தால் உங்கள் மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அடுப்படி அக்கா:

டீச்சர் சொன்ன காலைச் சாப்பாட்டைச் சமைப்பது எங்களைப் போன்றவர்கள்தான். மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து எடுக்கிறார்கள். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் அம்மாவாக இருந்தால் முன்னுரிமை. என் பையன் இரண்டாம் வகுப்பு. விடியற்காலை அடுப்பைப் பற்றவைத்தால் எட்டு மணிக்குள் எல்லாம் இறங்க வேண்டும். பிள்ளைகளுக்குப் போடும் முன் பெரியவர் ஒருவர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி.

தம்பி, பிள்ளை வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. நான் அங்கேயே இருப்பதால் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். என் பையன் வகுப்பில் வாய் ஓயாமல் பேசுகிறான், வீட்டுக்கு வந்தால், “ஒன்றும் இல்லை” என்கிறான். ஒருநாள் மூன்று தட்டில் கிச்சடி வைத்துவிட்டு, “இன்னும் ஐந்து பேர் வர வேண்டும்” என்று நான் முணுமுணுத்தேன். “எட்டுத் தட்டு அம்மா” என்றான் அவன். அன்றைக்குத்தான் எனக்கு மனது ஆறியது. இன்னொன்று, ரவை உப்புமா அன்று பாதி பேர் மூக்கைச் சுளிக்கிறார்கள். அதையும் யாராவது மேலே எழுதிப் போடுங்கள்.

வரப்போரம்:

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டீச்சர், நீங்கள் சொன்னபடியே புளியங்கொட்டையை வைத்துக் கேட்டேன். பதினேழை எடுத்துவிட்டாள். ஒவ்வொன்றாக எண்ணாமல், பத்தை ஒரு குவியலாக ஒதுக்கிவிட்டுப் பிறகு ஏழு எடுத்தாள். நான்கு போனால் என்றதும் உதிரியில்தான் கை வைத்தாள். இருபத்து மூன்றுக்கு 203 என்றுதான் எழுதினாள், எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்து அழித்துவிட்டாள். நேற்று பள்ளிக்குப் போய்ப் பயிற்சி நூலையும் கேட்டேன். டீச்சர் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தார். தமிழில் ‘பட்டம்’, ‘படம்’ வரை தேதியோடு திருத்தியிருக்கிறது. கணக்கில் நடுவே சில பக்கங்கள் காலி. அந்த வாரம் அவர் பயிற்சிக்குப் போயிருந்தாராம். மனைவி பாதி சமாதானம் ஆகிவிட்டாள். வேன் பேச்சு இப்போதைக்கு இல்லை.

இன்னொரு சந்தேகம். மாலையில் என் அம்மாதான் பேத்தியை உட்காரவைத்துச் சிலேட்டில் எழுதச் சொல்லிக் கொடுக்கிறார். அவர் எழுதும் ‘லை’யும் ‘னை’யும் வேறு மாதிரி இருக்கின்றன. ‘ணா’வும் அப்படியே. பிள்ளை பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று குழம்பிவிடுவாளோ? அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

சாக்பீஸ் தூள்:

பத்தை ஒதுக்கிவிட்டு எடுத்தாள் என்றால் அந்த டீச்சர் ஈர்க்குச்சிக் கட்டு கட்டியிருக்கிறார். 203 தானாகச் சரியாகும், அதற்காக முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளாதீர்கள். காலிப் பக்கங்களைப் பற்றி டீச்சரிடம் இன்னொரு முறை கேளுங்கள். பயிற்சிக்குப் போனது அவர் விருப்பமில்லை, ஆனால் திரும்பி வந்து அந்தப் பக்கங்களை முடிக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் போங்கள். அதில் முக்கால் பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். உங்கள் மனைவியையே அனுப்பலாம். ஆசிரியர் வெளியே போகும் நாளில் ஒன்றாம் வகுப்பை யார் பார்ப்பது என்று அங்கே கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்பத்தா எழுதுவது தவறே இல்லை. பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல்தான் தமிழ்நாடு அரசு ஏற்றது. 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. உங்கள் அம்மா அதற்கு முன்பே எழுதப் படித்தவராக இருப்பார். அந்தக் கால ‘லை’யின் தலையில் யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு இருக்கும். என் வகுப்பிலும் ஆண்டுக்கு ஓரிருவர் இப்படி வருகிறார்கள். ஒருத்தி ‘யானை’ என்று எழுதும்போது மட்டும் தும்பிக்கை வைத்த ‘னை’ போட்டாள், மற்ற இடங்களிலெல்லாம் புதியதே. யானைக்குத் தும்பிக்கை வேண்டாமா என்று என்னையே கேட்டாள். நான் திருத்தவில்லை.

உங்கள் மகள் இப்போது அரும்பில் இருக்கிறாள். ஐகார வரிசைக்கு வர இன்னும் நாளாகும். அது வரும்போது, “இது அப்பத்தா எழுத்து, இது பள்ளிக்கூட எழுத்து” என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள், போதும். அதுவரை சிலேட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கதை சொல்லச் சொல்லுங்கள். எட்டு மணிக்குப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் வீட்டில் கதை கேட்டு வருபவர்கள் யார் என்று கதைக் களத்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எனக்குத் தெரிந்துவிடும். “அப்புறம்?” என்று கேட்பவர்கள் அவர்கள்தான்.